மனுவுக்குப் போகும் வழி: மேலே சேறு, கீழே மிதவை

தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் குஸ்கோ நகரிலிருந்து மனு காட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், விவரமறிந்த ஓட்டுநர் பதில் சொல்வதற்கு முன் கிழக்கு வானத்தை ஒருமுறை பார்ப்பார். மழை இல்லாத நாளில், வழியில் உள்ள பில்கோபாத்தா ஊருக்கு எட்டு மணி நேரம் போதும். மழை பெய்து, மலைச்சரிவு மரத்தோடும் மண்ணோடும் இறங்கிச் சாலையில் உட்கார்ந்துவிட்டால், அதை அள்ளிப் போட இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அது அன்று மாலையே வரலாம், மறுநாளும் வராமல் போகலாம். சாலை ஒருவழியாகத் தீர்ந்த பிறகு ஆறு தொடங்கும். ஆறு தன் கணக்கில் இன்னும் சில நாள்களை எடுத்துக்கொள்ளும்.

மனு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: பழைய நீதி நூல் ஒன்று, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கும் காகிதம் மற்றொன்று. இந்த மனுவுக்கு இரண்டோடும் தொடர்பில்லை. இது தென்கிழக்குப் பெருவில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். ஆற்றின் பெயரே காட்டுக்கும் ஆயிற்று. 1973-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1977-இல் உயிர்க்கோளக் காப்பகம், 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலம். 2002-இல் பூங்காவின் எல்லை விரிந்து, இன்று 17,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருக்கிறது. ஆண்டிஸ் மலையில் 4,000 மீட்டர் உயரத்துப் புல்வெளியில் தொடங்கி, சுமார் 300 மீட்டர் உயர அமேசான் தாழ்காட்டில் முடிகிறது. இந்த ஒரு சரிவில் 1,000-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் உள்ளன. இந்தியா முழுவதிலும் பதிவானவை சுமார் 1,350 என்பதை வைத்துப் பார்த்தால், இது எப்படிப்பட்ட இடம் என்று புரியும்.

இத்தனை புகழ் பெற்ற காட்டுக்கு இன்னமும் ஏன் ஒழுங்கான வழி இல்லை என்ற கேள்வி எழுவது இயல்பு. சாலை மோசமாக இருப்பதற்கும், ஆற்றில் மிதவை விடப்படுவதற்கும், காடு அங்கே இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான் என்பது என் எண்ணம். அந்தக் காரணம் மலையிலிருந்து ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும் மண்.

மழையிலிருந்து தொடங்கலாம். அட்லாண்டிக் கடலிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று அமேசான் சமவெளி முழுவதையும் கடந்து மேற்கே வருகிறது. வழியில் பொழிந்து, மரங்கள் மூச்சாக விட்ட ஈரத்தை மறுபடியும் ஏந்திக்கொண்டு, கடைசியில் ஆண்டிஸ் மலைச்சுவரில் மோதுகிறது. மேலே ஏறினால் குளிர்ச்சி; குளிர்ந்தால் மழை. மனுவுக்குப் போகும் சாலை இறங்குகிற கோஸ்ஞிபாத்தா பள்ளத்தாக்கில் மழை ஆண்டுக்கு மீட்டர் கணக்கில் பெய்கிறது. நடுச்சரிவில் மழை பெய்யாத நேரத்திலும் மேகம் காட்டுக்குள்ளேயே குடியிருக்கும். மரக்கிளைகளில் பாசி கனத்துத் தொங்க, தண்டிலும் இலையிலும் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தரை காய்வதற்கு அவகாசமே கிடையாது.

அந்தத் தரையின் அமைப்பும் வம்பானது. செங்குத்தான பாறை, அதன் மேல் மெல்லிய மண், அந்த மண்ணை வேரால் கவ்விப் பிடித்திருக்கும் காடு. பெருமழையில் மண் நீரைக் குடித்துக் கனத்துவிட்டால் வேரின் பிடி போதாது. பாறை மீது விரித்த ஈரக் கம்பளம் போல, காடு மொத்தமாக வழுக்கி இறங்கும். ஆறு, ஓடை வழியே கல்லும் சேறுமாகப் பாய்ந்து வருவதை ஆண்டிஸ் மக்கள் ‘ஹுவாய்க்கோ’ என்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் 25 ஆண்டுக் காலச் செயற்கைக்கோள் படங்களை வைத்து மண்சரிவுகளைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று உண்டு. அந்தக் கால் நூற்றாண்டில் சரிந்த மொத்தப் பரப்பில் கால் பங்குக்கும் மேல், 2010 மார்ச்சில் பெய்த ஒரே ஒரு பெருமழையில் சரிந்தது. சராசரி மழையளவைப் பார்த்து இங்கே சாலை போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இப்படிப்பட்ட சரிவின் இடுப்பை வெட்டித்தான் சாலை போகிறது. பவுக்கர்தம்போ ஊரின் பழைய கல் பாலத்தைத் தாண்டி, சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் அக்ஹனாகோ கணவாய். அங்கிருந்து ஒரே இறக்கம். சரிவை வெட்டும்போது மேலே உள்ள மண்ணுக்கு அடியில் இருந்த முட்டு போய்விடுகிறது. வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளியதும் கீழ்ச்சரிவின் சுமை கூடுகிறது. ஆக, மழை தானாகச் செய்வதைச் சாலை இன்னும் கொஞ்சம் எளிதாக்கிக் கொடுக்கிறது. பெரும்பகுதி ஒரே வண்டி போகும் அகலம். அதனால் நெடுங்காலமாக ஒரு முறை இருந்து வந்தது: வாரத்தில் மூன்று நாள் வண்டிகள் கீழே இறங்க, மூன்று நாள் மேலே ஏற, ஞாயிற்றுக்கிழமை அவரவர் சாமர்த்தியம். எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னோக்கிப் போக வேண்டும். பின்னோக்கிப் போகிறவருக்குக் கண்ணாடியில் தெரிவது வெறும் மேகம்.

சேற்றையும் கொஞ்சம் கவனிக்கத்தான் வேண்டும். களிமண் துகள்கள் மிக நுண்ணிய தட்டுகள் போன்றவை. காய்ந்திருக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாக இறுகும். இடையில் நீர் புகுந்ததும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். முதல் வண்டி ஒரு தடம் போடும். அந்தத் தடத்தில் நீர் தேங்கும். அடுத்த வண்டிச் சக்கரம் நீரையும் களியையும் சேர்த்துப் பிசையும். பத்தாவது லாரிக்குத் தடம் அச்சாணி ஆழத்தில் இருக்கும். சமவெளிச் சாலையில் ஒரு பகல் வெயில் அடித்தால் பாதிச் சிக்கல் தீரும். இங்கே இருபுறக் காடும் சாலைமேல் கூரை போட்டிருப்பதால் வெயில் இறங்குவதே இல்லை. சாலையின் உயிர் அதன் ஓரத்து வாய்க்காலில் இருக்கிறது என்று பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலைப்பக்க வாய்க்கால் ஒருமுறை அடைத்துக்கொண்டால் ஓடை சாலையையே வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும்.

இந்த மெதுவான பயணத்தில் லாபமும் உண்டு. பாறைச் சேவல் என்று சொல்லத்தக்க, பெருவின் தேசியப் பறவை இச்சாலையின் நடுப்பகுதியில் விடியற்காலையில் கூடி ஆடுகிறது. ஆரஞ்சு நிறத் தலையும் கரிய சிறகுமாக ஆண் பறவைகள் மரக்கிளைகளில் கத்திக் குதித்துப் பெண் பறவைகளின் கவனத்தைக் கவரப் பார்க்கும். தார்ச்சாலையாக இருந்தால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அதைத் தாண்டிப் போயிருப்போம்.

இதே சரிவில் மரங்களை ஆண்டுக்கணக்காக அளந்துவரும் ஆய்வுத் திடல்கள் உயரத்துக்கு ஒன்றாக அமைந்திருக்கின்றன. வெப்பம் கூடக்கூட மரவகைகள் குளிர்ச்சியைத் தேடி மேலே நகர்கின்றன. வேகம் ஆண்டுக்குச் செங்குத்தாக 2.5 முதல் 3.5 மீட்டர் என்று 2011-இல் வெளியான கணக்கு சொல்கிறது. மரம் எப்படி நடக்கும் என்றால், கீழ் எல்லையில் முதிர்ந்தவை சாகின்றன, மேல் எல்லையில் கன்றுகள் பிழைக்கின்றன. மண் இறங்கிக்கொண்டிருக்கும் அதே சரிவில் காடு ஏறிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் அசையாமல் நிற்கச் சாலை மட்டும்தான் முயல்கிறது. அதனாலும் முடியவில்லை.

பில்கோபாத்தாவுக்குக் கீழே, அத்தலாயா என்ற சிறு துறையில் பயணிகள் வண்டியிலிருந்து படகுக்கு மாறுகிறார்கள். ஓடுவது மேல் மாத்ரே தே தியோஸ் ஆறு. நம் ஊர் மொழியில் தேவமாதா ஆறு. மேலே சாலையை மறித்த மண் எங்கே போனது என்பதற்கான பதில் இங்கே கண்முன் கிடக்கிறது. பெரிய கற்கள் அருகிலேயே தங்கி ஆற்றைப் பல பிரிவுகளாகக் கிழிக்கின்றன. கூழாங்கல் இன்னும் சற்றுத் தூரம் போகிறது, மணல் அதற்கும் கீழே. வண்டல் பல நூறு கிலோமீட்டர் கலங்கியபடியே போகும். அமேசான் ஆறு சுமக்கும் வண்டலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆண்டிஸ் மலையிலிருந்தே வருகிறது. ஆற்றுப் படுகை முழுவதையும் எடுத்துக்கொண்டால் மலைப்பகுதி எட்டில் ஒரு பங்கு தேறினால் அதிகம்.

அந்த வண்டலும் மணலும் ஒதுங்கிய புதுத் திட்டில் முதலில் முளைப்பவற்றுள் ஒன்று தோப்பா மரம். உலகம் அதை பால்சா என்று அறியும். நம் இலவ மரத்தின் தூரத்து உறவு. அதைப் போலவே விதையைப் பஞ்சில் பொதிந்து காற்றில் விடும். நிழலில் வளராது, வெட்டவெளி வேண்டும். ஆற்றுத்திட்டு, மண்சரிவு, கைவிட்ட தோட்டம், சாலையோரம் எல்லாம் அதற்கு வீடு. வெயில் கிடைத்துவிட்டால் அசுர வேகம். ஐந்தாறு ஆண்டில் வெட்டத்தக்க பருமன் வந்துவிடும். அவசரமாக வளர்ந்த மரத்தில் கெட்டித்தன்மை எங்கிருந்து வரும்? உலர்ந்த பால்சா ஒரு கன மீட்டர் 100 முதல் 200 கிலோதான் இருக்கும். நீர் அதே அளவுக்கு 1,000 கிலோ. அந்த வித்தியாசம்தான் மிதவை.

ஸ்பானிய மொழியில் ‘பால்சா’ என்றாலே மிதவை என்றுதான் பொருள். மரத்தின் வேலையே மரத்துக்குப் பெயராகிவிட்டது. காட்டு மக்கள் மிதவை செய்யும் முறை எளிது: தண்டுகளை வெட்டி, பட்டை உரித்து, அருகருகே நீரில் கிடத்தி, குறுக்கே கம்பு வைத்துக் கட்டுவார்கள், அல்லது சோந்தா என்ற பனைவகையின் இரும்பு போன்ற வயிர முளைகளை அடித்து இணைப்பார்கள். இரும்பாணி தேவையில்லை. பட்டை நாரே கயிறு. பால்சா அவ்வளவு மென்மையாக இருப்பதால் முளை அதில் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். நீரில் ஊறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

நமக்கு இது புதிய வித்தை அன்று. கட்டிய மரம் கட்டுமரம். நம் கடற்கரையில் மீனவர்கள் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே காய வைப்பார்கள், நீர் குடித்த மரம் கனத்துவிடும் என்பதால். ஆண்டிஸ் மரபில் நேர்மாறான பாடம் ஒன்று உண்டு. 1947-இல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் ஒன்பது பால்சா தண்டுகளால் ஆன ‘கோன்-டிகி’ மிதவையில் பெருவிலிருந்து பசிபிக் பெருங்கடலில் இறங்கினார். சில வாரங்களில் மரம் ஊறி மூழ்கிவிடும் என்று எச்சரித்தவர்கள் பலர். மிதவை 101 நாள் மிதந்து பாலினீசியாவின் ராரோயா பவளத்தீவில் போய் முட்டியது. பச்சையாக வெட்டிய தண்டுகளைப் பயன்படுத்தியதுதான் காப்பாற்றியது. உள்ளே இருந்த மரச்சாறு கடல்நீரை எளிதில் நுழையவிடவில்லை. காய்ந்த பால்சாவோ பஞ்சுபோல நீரை உறிஞ்சும்.

மேல் மாத்ரே தே தியோஸ் போன்ற ஆற்றில் மிதவையின் தகுதி அதன் ஆழமின்மைதான். அரை அடி நீர் இருந்தாலும் கற்களின்மேல் உரசிக்கொண்டே போய்விடும். அலை ஏறினால் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். இறைக்க வேண்டியதில்லை, கவிழ்ந்தாலும் மூழ்காது. ஆனால் திருப்புவது பெரும்பாடு. நீண்ட கழியால் அடியை ஊன்றித் தள்ளி, ஆறு போகிற திசையில் நாம் போக விரும்பும் ஓரத்தைத் தேர்ந்தெடுக்க முடியும், அவ்வளவுதான். வெள்ளம் பெயர்த்துக் கொண்டுவந்த முழு மரங்கள் வளைவுகளில் சிக்கிப் பின்னிக் கிடக்கும் இடங்களைத்தான் படகோட்டிகள் அஞ்சுகிறார்கள். நீர் அந்தக் கிளைகளின் ஊடே புகுந்து போய்விடும்; மிதவையும் மனிதரும் வடிகட்டியில் சிக்கிய சக்கை போல அங்கேயே அழுந்தி நிற்க வேண்டியதுதான். அருவியிலும் சுழியிலும் இல்லாத ஆபத்து இந்த மரக்குவியலில் இருக்கிறது.

இன்னொன்று: மிதவை போகும், திரும்பாது. கீழே போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்து விடலாம், விற்கலாம், அடுப்பெரிக்கலாம். எதிர்நீச்சலுக்கு இன்று மோட்டார்தான். நீண்ட இரும்புத் தண்டின் முனையில் சிறு விசிறி பொருத்திய ‘பெக்கே-பெக்கே’ படகுகள் காடெங்கும் ஓடுகின்றன. அது எழுப்பும் சத்தமே பெயர். ஆழம் குறைந்த இடத்தில் தண்டை நீரிலிருந்து தூக்கிவிட்டு வழுக்கிப் போய், மறுபடி இறக்கிக்கொள்ளலாம். சுற்றுலாப் பயணிகள் மிதவையில் ஏறுவது பெரும்பாலும் ஒரு மணி நேர அனுபவமாகத்தான்: ஆற்றங்கரை ஏரியான மச்சுவாசியில் பால்சா மிதவையில் அமர்ந்து ஹோவாட்சின் பறவையைப் பார்ப்பார்கள். கொழுத்த கோழி போலிருக்கும் அது இலை தின்னும், மாட்டைப்போலப் புளிக்க வைத்துச் செரிக்கும், அதனால் மாட்டுச்சாணம் போலவே நாறும். கீழே மனு ஆற்றின் ஏரிகளில் இரண்டு ஓடங்களைப் பலகையால் இணைத்த மேடையில் அழைத்துப் போகிறார்கள். அதற்கு அங்கே வழங்கும் பெயர் ‘கத்தமரான்’. ஆங்கிலத்தின் தோள்மேல் ஏறி நம் கட்டுமரம் அமேசான் வரை போயிருக்கிறது, கட்டுவதற்கு மரத்தண்டே இல்லாமல்.

போக்கா மனு என்ற இடத்தில் மனு ஆறு வந்து கலக்கிறது. ‘போக்கா’ என்றால் வாய். நாம் முகத்துவாரம் என்போம். அங்கிருந்து மனு ஆற்றில் எதிர்த்துப் போனால்தான் பூங்காவின் தாழ்காடு. மேலே பாய்ந்து வந்த ஆற்றுக்கும் இதற்கும் ஒட்டே இல்லை. பால் கலந்த தேநீர் நிறம், சோம்பலான ஓட்டம், பாம்பு போல நெளிவு. ஒவ்வொரு வளைவிலும் வெளிக்கரையைத் தின்று உள்கரையில் துப்புகிறது. நெளிவு மிஞ்சிப்போனால் ஒருநாள் வெள்ளம் குறுக்கு வழி வெட்டிக்கொள்ளும். பழைய வளைவு துண்டிக்கப்பட்டுக் குதிரை லாட வடிவ ஏரியாகத் தேங்கும். கெச்சுவா மொழியில் ‘கோச்சா’. கோச்சா சல்வதோர் போன்ற ஏரிகளில்தான் 1.7 மீட்டர் வரை நீளும் பெரிய நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன. கோச்சா காஷு ஏரிக்கரையில் இருக்கும் ஆய்வு நிலையத்தில் ஜான் டெர்பாரோ 1970-களிலிருந்து பல பத்தாண்டுகள் நடத்திய ஆய்வுகளால்தான் வேட்டையாடப்படாத ஒரு மழைக்காடு எப்படி இருக்கும் என்பதற்கு உலகம் மனுவைக் கைகாட்டுகிறது.

பெருவின் அமேசான் தாழ்நிலத்தைப் பற்றி 1986-இல் வெளியான ஆய்வு, அங்குள்ள காட்டில் 26.6 சதவீதம் அண்மைக்காலத்தில் ஆறு அரித்துப் படியவைத்த தடயம் காட்டுகிறது என்றும், 12 சதவீதம் இன்னமும் அப்படி முளைத்து முதிரும் பருவத்தில் இருக்கிறது என்றும் கண்டது. ‘தொன்மையான கன்னிக்காடு’ என்று நாம் எழுதிப் பழகிய சொல்லுக்கு இது ஒரு குட்டு. நாலில் ஒரு பங்குக் காடு ஆறு அழித்துப் போட்டு மறுபடி எழுப்பியது. முதலில் நாணல், பிறகு தோப்பா, செக்ரோப்பியா, பிறகு அத்தி வகைகள், பிறகு செடார், கடைசியில் பெருமரங்கள். ஆறு அலைந்துகொண்டே இருப்பதால் இத்தனை வயதுக் காடுகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. உயிரின வகைகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மண்ணைத் தின்பவர்களும் உண்டு. ஆறு செங்குத்தாக அரித்த கரைகளில் விடியற்காலையில் நூற்றுக்கணக்கான கிளிகளும் பஞ்சவர்ணக் கிளிகளும் வந்து களிமண்ணைக் கொத்தித் தின்னும். அந்தக் கரையைக் ‘கோல்பா’ என்பார்கள். கடலிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே மழைநீரில் உப்புச்சத்து மிகக் குறைவு, காய்களிலும் இல்லை. சோடியத்துக்காகத்தான் மண் தின்கின்றன என்பது இன்று வலுவாக நிற்கும் விளக்கம்.

இந்த வழியை உலகச் சந்தைக்கு முதலில் திறக்கப் பார்த்தவர் ரப்பர் வணிகர் கார்லோஸ் பிட்ஸ்கரால்ட். 1894-இல் உருபம்பா ஆற்றுப் பக்கத்துக் கிளையாறு ஒன்றிலிருந்து மனுவின் தலைநீர் வரை, இடையே இருந்த குறுகிய மேட்டு நிலத்தின் மேல் ஒரு நீராவிப் படகைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சுமக்க வைத்தார். சுமந்தவர்கள் பழங்குடி மக்கள். மனு ஆற்றில் இறங்கிய பிறகு எதிர்த்த மாஷ்கோ மக்களை அவருடைய ஆட்கள் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். 1897-இல் உருபம்பா ஆறு அவரையே மூழ்கடித்தது. அந்தக் கொலைகளிலிருந்து தப்பிய மாஷ்கோ மக்கள் ஆற்றங்கரையை விட்டு, படகு ஏற முடியாத தலைநீர்க் காடுகளுக்குள் போனார்கள். இன்று யாரோடும் தொடர்பின்றி வாழும் மாஷ்கோ-பிரோ மக்கள் அவர்களின் வழிவந்தவர்கள் என்று கருதப்படுகிறது. ‘நாகரிகம் எட்டாதவர்கள்’ என்று அவர்களைச் சொல்வது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பது. எட்டியது, அதனால்தான் போனார்கள்.

இதே பகுதியின் நஹுவா மக்களுடன் 1984-இல் மரம் வெட்டுவோருக்குத் தொடர்பு ஏற்பட்டபோது, சளி, காய்ச்சல் போன்ற சாதாரண நோய்களில் அவர்களில் பாதிப்பேர் வரை மாண்டார்கள். எனவேதான் கரையில் மாஷ்கோ-பிரோ மக்கள் தென்பட்டால் படகை நிறுத்தாதே, துணியோ உணவோ கொடுக்காதே என்று அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். இரக்கத்தில் கொடுத்த சட்டை ஒரு குலத்தையே கொல்லலாம். மனுவின் பெரும்பகுதி பயணிகளுக்கு மூடப்பட்டிருப்பதன் முதன்மையான காரணங்களில் இது ஒன்று.

ஆறும் சாலையும் காட்டுக்குள் மனிதரைக் கொண்டுவருவதில் ஒரு வேறுபாடு உண்டு. அதை அதிகம் பேர் பேசுவதில்லை. மகோகனியும் செடாரும் மிதக்கும். வெட்டியவர்கள் அவற்றை மிதவையாகப் பிணைத்து ஆற்றில் விட்டார்கள். ஆற்றங்கரைகளில் மகோகனி முதலில் தீர்ந்தது. சிகுவாகுவாக்கோ என்ற மரம் மிதக்காது. வயிரம் அவ்வளவு அடர்த்தி, நீரில் போட்டால் கல் மாதிரி அமிழும். நூற்றாண்டுகள் எடுத்து வளரும் அந்த மரத்தின் பொந்துகளில்தான் பஞ்சவர்ணக் கிளிகள் குஞ்சு பொரிக்கின்றன, உச்சிக் கவட்டில் ஹார்ப்பி கழுகு கூடு கட்டுகிறது. ஆறு மட்டும் இருந்தவரை அது பிழைத்துக் கிடந்தது. லாரி வந்ததும் வீட்டுத் தரைப் பலகையானது. 2022-இல் பனாமாவில் நடந்த வனவுயிர் வணிக மாநாட்டில்தான் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதிக்க முடிவானது. ஆறு எடை பார்த்து மரம் எடுக்கும். சாலைக்கு எடை ஒரு பொருட்டில்லை.

பிரேசில் பகுதி அமேசானைப் பற்றி 2014-இல் வெளியான கணக்கு இதற்குப் பொருந்துகிறது. காடழிப்பில் சுமார் 95 சதவீதம் சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள், அல்லது படகு செல்லும் ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் நடந்திருக்கிறது. மனுவுக்குக் கிழக்கே, அதே மாத்ரே தே தியோஸ் மாநிலத்தில் இன்னும் கண்கூடான உதாரணம் இருக்கிறது. பசிபிக்கையும் பிரேசிலையும் இணைக்கும் பெருநெடுஞ்சாலையின் பாலம் புவெர்தோ மால்தொனாதோவில் 2011-இல் திறக்கப்பட்டது. அந்தச் சாலையோரத்து லா பம்பாவில் சட்டவிரோதத் தங்கச் சுரங்கம் பெருகி, காடு இருந்த இடத்தில் பாதரசம் கலந்த குட்டைகள் மிஞ்சின. 2019 பிப்ரவரியில் அரசு ராணுவத்தையும் போலீஸையும் பெரும் எண்ணிக்கையில் இறக்க வேண்டியதாயிற்று.

மனுவின் சேற்றுச் சாலையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. சிந்துயாவில் முடிந்திருந்தது, ஆற்றோடு ஒட்டிக் கீழே இத்தாகுவானியா, அதற்கும் கீழே போக்கா மனுவை நோக்கி என்று துண்டு துண்டாக நீண்டு வந்திருக்கிறது. ஒருபுறம் தேசியப் பூங்கா, மறுபுறம் 2002-இல் அமைந்த அமரகயேரி சமூகக் காப்பகம். இரண்டுக்கும் நடுவில் சாலை. பாதுகாப்புக்காக வாதாடுபவர்கள் இதை எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்களில் பலர் படகில் ஒரு வாரம் போய்விட்டுத் திரும்புகிறவர்கள். போக்கா மனுவிலும் அருகிலுள்ள பழங்குடிக் கிராமங்களிலும் இருப்பவருக்கு எரிபொருள் ஆற்றில் ஏறி வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிடுகிறது. வாழைத்தாரைச் சந்தைக்குக் கொண்டுபோகும் கூலி தாரின் விலையைத் தின்றுவிடும். பிரசவ வலி வந்த பெண்ணுக்கு ஆற்றின் நீர்மட்டம் என்ன என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சாலை வேண்டும் என்று அவர்கள் கேட்டால் அதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சாலையில் முதலில் வருவது மருத்துவரா, மரம் வெட்டும் இயந்திரமா என்பது சாலையைப் போடும்போதே தீர்மானமாக வேண்டும். சோதனைச் சாவடி, லாரிக்கு அனுமதிச் சீட்டு, நிலத்துக்குப் பட்டா எல்லாம் சாலைக்கு முன்னால் வர வேண்டியவை. அமேசானில் இதுவரை அவை சாலைக்குப் பின்னால்தான் வந்திருக்கின்றன, வந்த இடங்களில்.

பொறியாளர்களுக்கும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. மேலே கோஸ்ஞிபாத்தாவில் சாலையைச் சாய்ப்பது மலை. கீழே புதிய பகுதி போவது ஆற்றங்கரைச் சமவெளியில். அந்த நிலமே ஆறு போட்டது, ஆறு நகர்கிற பாதையில் கிடப்பது. மழைக்காலத்தில் கரை இடிந்து சாலை துண்டாகும் இடத்தில் பயணி பையைத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடியும் படகைத் தேடத்தான் வேண்டும். இடிந்த மண் அடுத்த வளைவில் திட்டாகப் படியும். அடுத்த மழைக்குள் அதில் தோப்பாக் கன்றுகள் முழங்கால் உயரத்தைத் தாண்டியிருக்கும்.